ஜெப்ஸி வைத்த ஸ்டேட்டஸ்

பதினெட்டாயிரம் ரூபாய் போனில் குறையே கிடையாது என்று விற்கிறவன் சொல்வான். அதில் நிறையே கிடையாது என்று ஐம்பதாயிரம் ரூபாய் போன் வைத்திருக்கிறவன் சொல்வான். இரண்டு பேர் பேச்சையும் அள்ளி உப்பளத்தில் கொட்டலாம். திரேஸ்புரத்து ஜெப்ஸி தன் போனை ஒன்றரை மாதம் வைத்துப் பழகியிருந்தாள். பத்து வருஷம் குடித்தனம் நடத்தியதில் புருஷனைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருந்தாளோ, அவ்வளவு அந்தப் போனைப் பற்றியும் தெரிந்து வைத்திருந்தாள்.

சார்ஜ் இரண்டு நாள் நின்றது. அது பெரிய விஷயம். சத்தம் நன்றாகக் கேட்டது. இறால் கம்பெனி வேனில் முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் பேசினாலும் பாட்டு கேட்கலாம். வெயிலில் திரை தெரிந்தது. குறை என்று பார்த்தால் முதலாவது விரல் ரேகை. எட்டு வருஷமாக ஐஸ் தண்ணீரில் இறால் உரித்து உரித்து ஜெப்ஸியின் விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. எத்தனை தடவை வைத்தாலும் போன் அந்த விரலைத் தெரியாது என்றது. இரண்டாவது, நாலு வேலை சேர்த்துக் கொடுத்தால் சூடாகிவிடும். வைகாசி வெயிலில் சட்டென்று சூடாகும்.

வாங்கும்போதே ஜெயகணேஷ் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். ஏரல்காரன், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கடையில் நிற்கிறவன். “பின்பக்கக் கேமரா சுமார்தான்க்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா முன்பக்கம் முப்பத்திரண்டு. செல்பில இத அடிச்சிக்கிட ஆளே இல்ல” என்றான். அவன் சொன்னது சத்தியமான வார்த்தை. கெடுதல் அந்த நல்ல பக்கத்திலிருந்துதான் வந்தது.

ஜெப்ஸியின் புருஷன் செல்வதுரை சங்கு குளிக்கிறவன். வள்ளம் ஜெப்ஸியின் அண்ணன் அருமைநாயகத்துடையது. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து போகிற நீல டியூபை வாயில் கடித்துக்கொண்டு செல்வதுரையும் இன்னொரு குளியாளியும் பத்துப் பன்னிரண்டு பாகம், அதாவது அறுபது எழுபது அடி, ஆழத்துக்கு இறங்குவார்கள். சேற்றைக் கையால் தடவித் தடவிச் சங்கு பொறுக்கிப் பையில் போடுவார்கள். மேலே நின்று டியூபைப் பிடிக்கிறவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பது முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற முறை. தங்கச்சி தாலி அறுந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறவன் கையில்தான் மூச்சைக் கொடுக்க வேண்டும் என்று யாரோ புத்திசாலி கண்டுபிடித்தது. செல்வதுரையின் டியூபைப் பத்து வருஷமாக அருமைநாயகம்தான் பிடித்தான்.

சங்கின் வாலை மேலே தூக்கி, வாயை நம் பக்கம் திருப்பிப் பார்த்தால் வாய் இடது பக்கம் இருக்கும். அது இடம்புரி. கடலில் கிடப்பதெல்லாம் அதுதான். லட்சத்தில் ஒன்றுக்கு வாய் வலது பக்கம் இருக்கும். அது வலம்புரி. ஒன்று கிடைத்தால் வீடு கட்டலாம். சாதாரணச் சங்கில் எடுத்தவனுக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு. வலம்புரிக்கு அந்தப் பேச்சு கிடையாது. யார் கையில் அகப்பட்டாலும் வள்ளத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் சமபங்கு. மறைத்தவனை எந்த வள்ளத்திலும் ஏற்ற மாட்டார்கள்.

அருமைநாயகம் முப்பது வருஷமாக வலம்புரியை எதிர்பார்த்தவன். இருபது வருஷத்துக்கு முன்னால் அவன் வள்ளத்துக்கு நாலு பாகம் தள்ளி நின்ற வள்ளத்துக்கு ஒன்று கிடைத்தது. அன்று இரண்டு பாகம் தெற்கே தள்ளி நங்கூரம் போட்டிருந்தால் என்று இன்றைக்கும் சொல்லுவான். சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவான், சாவு வீட்டிலும் சொல்லுவான். கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை செல்வதுரையின் பையில் ஒரு பழுதில்லாத சங்கு வந்தது. பெரிது இல்லை, ஆனால் வடிவு. ஒரு ஓரத்தில் மட்டும் பூச்சி அரித்த சின்னப் புள்ளி. வீட்டு வாசலுக்கு மேல் பதிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. “மச்சான், இத நான் வீட்டுக்குக் கொண்டு போறேன், என் பங்குல கழிச்சிக்கிடுங்க” என்றான். டீசல் ஊற்றிக்கொண்டிருந்த அருமைநாயகம் திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினான். பிறகு எல்லாவற்றுக்கும் அந்தப் பார்க்காத தலையாட்டல்தான் சாட்சியாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்தாள் ஜெப்ஸி. சீலா மீன் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு, கோவிலுக்குக் கட்டிய சேலையை அவிழ்க்காமல் சங்கைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து ஒரு செல்பி எடுத்தாள். முகம் நன்றாக வந்திருந்தது. சங்கு அதைவிட நன்றாக வந்திருந்தது. ‘என் ராசா எனக்காகக் கொண்டு வந்தது’ என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தாள். பத்து வருஷத்தில் அந்த மனுஷனைப் பற்றி அவள் நாலு பேர் அறியச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி, இடத்தை வலமாக்கிப் படம் எடுக்கும். ஊரில் உள்ள மற்றவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. முகத்தில் இடமேது வலமேது? ஆனால் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் சங்கில் வயிறு வளர்க்கிறவர்கள். அவர்கள் ஜெப்ஸியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாய் எந்தப் பக்கம் என்றுதான் பார்த்தார்கள்.

மத்தியானம் சோறு தின்று கை காயுமுன் அருமைநாயகம் வந்துவிட்டான். கூடவே அவன் பெண்டாட்டி கிருபை, ஓடி வந்த மூச்சோடு. சங்கு வியாபாரி வீரபாகு அண்ணாச்சி அந்தப் படத்தைப் பிடித்து அவனுக்கு அனுப்பி, ‘என்ன அருமை, என்கிட்டக்கூடச் சொல்லல?’ என்று கேட்டிருந்தார். அருமைநாயகம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஜெப்ஸி பயந்திருக்க மாட்டாள்.

“ஏளா, அந்தச் சங்க எடுத்துட்டு வா” என்றான்.

அவள் எடுத்து வந்து கொடுத்தாள். வாலை மேலே தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

“இது இல்ல. படத்துல இருக்கத எடுத்துட்டு வா.”

“அது இதுதாண்ணே. வேற ஏது?”

“இது இடம்புரி. அது வலம்புரி. முப்பது வருசமா எனக்குச் சங்குதான் சோறு போடுது. வாய் எந்தப் பக்கம்னு நீ எனக்குச் சொல்லித் தாரியா?”

செல்வதுரைக்கு முதலில் விஷயமே புரியவில்லை. படத்தைப் பார்த்ததும் அவனுக்கே வேர்த்துவிட்டது. கண்ணால் கண்டதை இல்லை என்று எப்படிச் சொல்வான்? அவனும் சங்கு குளிக்கிறவன்தானே. ஒரு நிமிஷம் பெண்டாட்டியையே சந்தேகமாகப் பார்த்தான். ஜெப்ஸிதான் கண்டுபிடித்தாள். அவள் மூக்குத்தி இடது மூக்கில், படத்தில் வலது மூக்கில் இருந்தது. படமே புரண்டு வந்திருக்கிறது என்று சொல்லி, வலது மூக்கைத் தொட்டு இங்கே துவாரம்கூட இல்லை பார் என்று அண்ணன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

அருமைநாயகம் மூக்கைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். நம்பியிருந்தால் அவனிடமிருந்து ஒரு வலம்புரி போய்விடும். முப்பது வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் ஒன்று வந்ததே இல்லை. அதை மூக்குத்திக்காக விட்டுக்கொடுக்க அவன் என்ன பைத்தியமா?

“சரி, திருப்புற போனா இருந்தா நாளைக்குச் சாயந்திரம் அண்ணாச்சி குடோன்ல நாலு பேரு பாக்கத் திருப்பிக் காட்டு. திரும்புச்சுன்னா நான் உன் கால்ல விழுதேன். திரும்பலன்னா உன் மாப்பிள்ளை சங்கக் கொண்டாந்து வைக்கணும்” என்றான்.

திங்கட்கிழமை தண்ணீர் கலங்கல். வள்ளங்கள் போகவில்லை. ஜெப்ஸி கம்பெனிக்குக் கிளம்பும்போது செல்வதுரை போனைத் தன்னிடம் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். கம்பெனிக்குள் எப்படியும் போனை விட மாட்டார்கள், பெட்டியில் பூட்டித்தான் வைக்க வேண்டும். வீட்டில் சும்மா இருக்கிற மனுஷன் பாட்டுக் கேட்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனாள். அன்று முழுக்க அவளுக்குத் தைரியம்தான். இறால் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, அண்ணன் காலில் விழ வந்தால் என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

வீரபாகு அண்ணாச்சியின் குடோன் தகரக் கூரை போட்டது. நாலு மணி வெயிலில் உள்ளே சங்கு நாற்றம் மூக்கை அறுத்தது. அருமைநாயகத்தின் ஆட்கள், வேறு இரண்டு வள்ளத்து ஆட்கள், எல்லாருமாகப் பதினைந்து பேர் சாக்கு மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று கன்னத்தில் சங்கை வைத்துப் படம் எடுக்க ஜெப்ஸிக்குக் கூச்சமாக இருந்தது. எடுத்தாள். திரையில் பார்க்கும்போது வாய் வலப்பக்கம் இருந்தது. பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்கள் ஆமா, ஆமா என்றார்கள். பொத்தானை அழுத்தினாள். படத்தைத் திறந்தாள்.

வாய் இடப்பக்கம் இருந்தது. மூக்குத்தியும் இடது மூக்கிலேயே இருந்தது. உள்ளது உள்ளபடி வந்திருந்தது.

மறுபடி எடுத்தாள். சங்கை மற்றக் கைக்கு மாற்றி எடுத்தாள். ஆறு படம் எடுத்தாள். ஆறும் யோக்கியமான படம். யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் செல்வதுரை வாயைத் திறந்தான். நல்ல காரியம் செய்தவனின் முகத்தோடு திறந்தான்.

“அது இப்பம் திருப்பாது மச்சான். அந்தப் பழுதக் காலையிலேயே கடையில கொண்டு போய்ச் சரி பண்ணிட்டேன். இனிமே ஒரு தொந்தரவும் இல்ல.”

அவன் யோசனை அப்படித்தான் ஓடும். டியூபில் ஓட்டை விழுந்தால் அடுத்த தடவை இறங்குமுன் ஒட்ட வேண்டும். கம்ப்ரசர் புகைந்தால் பில்டர் மாற்ற வேண்டும். பழுது என்று தெரிந்த பிறகு அதை அப்படியே வைத்துக்கொண்டு நாலு பேருக்குக் காட்டுவது அவன் தொழிலில் இல்லாத வழக்கம். தண்ணீருக்கடியில் பழுதோடு இறங்குகிறவன் திரும்பி வர மாட்டான். பாவி மனுஷன், பெண்டாட்டி போனுக்கும் அதையே செய்துவிட்டான்.

குடோனே சிரித்தது. ஜெப்ஸிக்கு அவனைச் செருப்பால் அடிக்கலாம் போலவும், கட்டிப் பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஜெயகணேஷைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். சத்தம் நல்ல சத்தம். மூலையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் கேட்டது.

“ஆமாக்கா, அண்ணன் காலையில வந்தாங்க. மிர்ரர் செல்பின்னு ஒண்ணு உண்டு, அத ஆப் பண்ணிக் கொடுத்தேன். திரும்ப வேணுமா? சிம்பிள்தான், கேமராவுக்குள்ள போங்க, மேல பல்சக்கரம் மாதிரி இருக்கும்…”

அவள் போனாள். பல்சக்கரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே திரை மங்கியது. போன் அளவுக்கு மேல் சூடாகிவிட்டது, கேமரா மூடப்படுகிறது என்று எழுத்து வந்தது. தகரக் கூரை, ஆறு படம், ஸ்பீக்கர், எல்லாம் சேர்ந்து அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு மூச்சு முட்டிவிட்டது.

“சூடாயிட்டாக்கா? நெழல்ல வச்சு பத்து நிமிசம் ஆற விடுங்க” என்றான் ஜெயகணேஷ்.

பத்து நிமிஷம்தான் கேட்டாள். முப்பது வருஷம் காத்திருந்தவன் பத்து நிமிஷம் காத்திருக்க மாட்டேன் என்று எழுந்துவிட்டான். கடைக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதற்கு நாலு பேர் தலையாட்டினார்கள். ஜெப்ஸி வீரபாகு அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் போனை வாங்கி, பழகிய விரலால் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் படத்திலும் இன்றைய படத்திலும் மூக்குத்தியைப் பார்த்தார், பூச்சி அரித்த அதே புள்ளியைப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று அவர் கண்ணிலேயே அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

“நான் வியாபாரி தாயி. சங்கு என் மேசைக்கு வந்தாத்தான் அது வலமா இடமான்னு நான் சொல்ல முடியும்” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். வலம்புரி இருந்தால் அது எப்படியும் அவரிடம்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பிறகு ஏன் வாயை விடுவார்?

வெளியே வேப்பமர நிழலில் புருஷனும் பெண்டாட்டியும் பத்து நிமிஷம் நின்றார்கள். போன் ஆறியது. பல்சக்கரம் அகப்பட்டது. ஜெப்ஸி படம் எடுத்தாள். வாய் வலப்பக்கம் புரண்டு அழகாக வந்தது. பார்க்க அங்கே ஒரு நாயும் ஒரு கருவாட்டுக்காரியும்தான் இருந்தார்கள்.

ஜெப்ஸி அண்ணன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அருமைநாயகம் இல்லை. கிருபைதான் கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள். அவளை வாசலில் நிறுத்தி, அவள் கையிலேயே சங்கைக் கொடுத்து, ஒரு தடவை திருப்பியும் ஒரு தடவை திருப்பாமலும் எடுத்துக் காட்டினாள். கிருபைக்கு உடனே புரிந்துவிட்டது. மாதா மேல் ஆணையாகப் புரிந்துவிட்டது என்றாள். ஐயையோ, இதுக்காகவா இத்தனை பேச்சு என்று ஜெப்ஸியின் கன்னத்தைத் தடவினாள்.

“நீ போ. உங்க அண்ணன் வந்ததும் நான் எடுத்துச் சொல்லுதேன். நீ சொன்னா அவருக்கு வீம்பு வரும். நான் சொன்னாக் கேப்பாரு” என்றாள்.

அன்று சாயந்திரமே அருமைநாயகம் ஆளனுப்பினான். விடிந்ததும் செல்வதுரை வேலைக்கு வர வேண்டும், கச்சான் காற்று தொடங்குமுன் இன்னும் பத்து நாள்தான் கடல் இருக்கிறது என்று தகவல். செல்வதுரைக்குச் சந்தோஷம். ஜெப்ஸிக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. மதினி சொல்லியிருக்கிறாள், அண்ணன் மனசு மாறிவிட்டது, வீம்புக்காரன், மன்னிப்புக் கேட்காமல் வேலைக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். அவளே விடியக்காலம் எழுந்து பழைய சோற்றைப் பிழிந்து, வெங்காயமும் கணவாய்த் தொக்கும் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

“மச்சான்கிட்ட நீங்களும் மூஞ்சத் தூக்கிட்டு இருக்காதீங்க. பேசுங்க” என்றும் சொல்லி அனுப்பினாள்.

சாயந்திரம் கம்பெனிப் பெட்டியைத் திறந்து போனை எடுத்தபோது இருபத்தேழு அழைப்பு தவறியிருந்தது.

நடந்ததை இன்னொரு குளியாளிதான் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னான். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. காலை பத்தரை மணிக்கு இரண்டாவது தடவை இறங்கியிருந்தார்கள். பன்னிரண்டு பாகம். இவன் பை நிறைந்து முன்னாலேயே மேலே வந்துவிட்டான். அருமைநாயகம் செல்வதுரையின் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு, வலம்புரியை எங்கே வைத்திருக்கிறான் என்று தெரியுமா என்று இவனிடம் கேட்டிருக்கிறான். இவன் தெரியாது என்றான். இன்றைக்குச் சொல்லிவிடுவான் பார் என்று சொல்லி டியூபை இரண்டாக மடக்கிப் பிடித்தான். கொல்ல வேண்டும் என்று இல்லை. கொஞ்ச நேரம். மூச்சு முட்டி மேலே வந்ததும் கேட்டால் உண்மை வரும் என்று.

வந்தான். பன்னிரண்டு பாகத்திலிருந்து ஒரே மூச்சில் வந்தான். வேகமாக ஏறினால் ரத்தத்தில் காற்று குமிழ் கட்டி ஆளை முடக்கிவிடும் என்று நின்று நிதானித்து ஏற வேண்டிய தண்ணீரில் காற்றில்லாமல் அடித்துப் பிடித்து ஏறி வந்தவன், வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மச்சான் முகத்தைப் பார்த்தான். கால் வரல மச்சான், கால் வரல என்றான். அதற்குப் பிறகு அவன் இடுப்புக்குக் கீழே ஒன்றும் வரவே இல்லை.

டியூப் மடங்கிப் போச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்க வந்தவர்களிடமும் அப்படியே சொன்னார்கள். செல்வதுரையும் அப்படியே சொன்னான். மச்சானைக் காட்டிக் கொடுக்கும் முறை இல்லையாம். ஜெப்ஸி படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கிருபை வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். அன்று அவள் சொல்லவில்லை. மனுஷன் வந்ததும் கோபமாக இருந்தான், விடிந்ததும் சொல்லலாம் என்று படுத்தாளாம். விடியுமுன் அவன் போய்விட்டானாம். ஜெப்ஸி அவள் தலையைத் தொடவில்லை, தள்ளவும் இல்லை. ஒரு இரவைத் தூங்கிக் கழித்தாள் ஒருத்தி. அதற்கு விலை இரண்டு கால்.

மருந்தெல்லாம் பார்த்த பிறகு, நடக்க வாய்ப்பு இல்லை என்று டாக்டர் பன்னிரண்டாம் நாள் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் அருமைநாயகம் வந்தான். முதல் நாளுக்குப் பிறகு அவன் வருவது அதுதான். தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டு வந்திருந்தான். செல்வதுரை மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தாடி வளர்ந்திருந்தது. ஏதோ கேட்கப் போகிறான், மன்னிப்புத்தான் கேட்கப் போகிறான் என்று ஜெப்ஸி நினைத்தாள். கேட்டால் கொடுத்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. கூடப் பிறந்தவன்.

அவன் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டான். குரலைத் தாழ்த்தினான்.

“தாயி, நடந்தது நடந்துபோச்சு. மெட்ராசுல பெரிய ஆஸ்பத்திரில காட்டுனா கால் வந்துரும்னு சொல்லுதாங்க. இப்பமாவது சொல்லு. அந்த வலம்புரிய எங்கன வச்சிருக்கான்? எனக்குப் பங்குகூட வேண்டாம். பாத்தாப் போதும்.”

ஜெப்ஸி அவனையே பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குப் பார்த்தால் போதும். புருஷன் கால் செத்துக் கிடக்கிறது, இவனுக்கு அதற்குப் பக்கத்திலும் சங்குதான் தெரிகிறது. போனை எடுத்துக் காட்டலாம். ஆஸ்பத்திரி குளிர்ச்சியாகத்தான் இருந்தது, சூடாகாது. சார்ஜ்கூட நிறைய இருந்தது. அவள் எடுக்கவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று, பன்னிரண்டு நாளாக அழுகையாகத் திரண்டு நின்றது, அந்த நிமிஷத்தில் கல்லாக உட்கார்ந்தது.

“இருந்துச்சு அண்ணே” என்றாள்.

அவன் மூச்சை நிறுத்திக் கேட்டான்.

“அன்னைக்கு இடுப்புல கெட்டிக்கிட்டுத்தான் எறங்குனாரு. நான்தான் சொன்னேன், மச்சான்கிட்டயே கொடுத்துருங்கன்னு. வீட்டுல வச்சு எடுத்துக் கொடுத்தா மறைச்சதா ஆகும்லா. கடலுக்குள்ளேருந்து எடுத்துட்டு வார மாதிரி கொண்டாந்து உங்கிட்டக் கொடுக்கணும்னு இருந்தாரு. கையில எடுத்தாராம். நீ காத்த மடக்கிட்ட. உயிருக்குத் துடிக்கையில நழுவிட்டு.”

“அங்கனயா?”

“அங்கனதான். நீ வள்ளத்த நிறுத்துன எடத்துலதான் கெடக்கு.”

போனும் சங்கும் மூக்குத்தியும் கொண்டுபோய்ப் பதினைந்து பேர் முன்னால் அவள் சொன்ன உண்மையை நம்பாதவன், இதை ஒரு பேச்சில் நம்பினான். எந்தக் கையில் வைத்திருந்தான், எந்தப் பக்கம் நழுவியது என்று கேட்டான். அவளும் சொன்னாள். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மச்சான் கால் போன நாளில் அழாதவன், பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதான். பிறகு வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கஞ்சியைக் கொடுக்க மறந்து, தூக்குச் சட்டியோடு வெளியே போனான்.

அடுத்த வாரம் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. எல்லா வள்ளமும் கரையேறிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் ஜெப்ஸி புருஷனைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கிருபை. காற்றுச் சத்தத்துக்கு நடுவிலும் அவள் குரல் கணீரென்று கேட்டது. கடற்கரையில் நின்று பேசினாள்.

அருமைநாயகம் இருபது வருஷத்துக்குப் பிறகு தானே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்குகிறானாம். இன்றோடு ஆறு நாள். நெஞ்சு வலிக்காரன் கடலுக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லையாம். இந்தக் காற்றில் கூடப் போக ஒருத்தனும் வராததால் கூலிக்கு எவனையோ பிடித்து டியூபைக் கொடுத்துவிட்டு இறங்குகிறானாம். நேற்று மூக்கில் ரத்தம் வந்ததாம். காலையில் போன வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லையாம்.

“ஜெப்ஸி, நீ அன்னைக்கு என் கையில சங்கக் கொடுத்து எடுத்துக் காட்டுனியே. வலம்புரியே இல்ல, எல்லாம் திரும்பித் தெரியுதுன்னு. இப்பம் அங்கன கெடக்குன்னு சொல்லிருக்கியாமே. உன் கால்ல விழுந்து கேக்கேன், நெசத்தச் சொல்லு. இல்லன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் எப்படியாவது அவரக் கரைக்கு இழுத்துட்டு வந்துருவேன். அங்கன சங்கு இருக்கா, இல்லையா?”

செல்வதுரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஸ்பீக்கர் போடாமலே அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவன் கையை நீட்டி ஜெப்ஸியின் மணிக்கட்டைப் பிடித்தான். சொல்லிவிடு என்று பிடித்தான்.

ஜெப்ஸி அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

“இருக்கு மதினி” என்றாள்.